பங்களாவா, லயமா, ஸ்டோரா? மலைநாட்டில் ஒரு ஜோடியின் கொலைப்படத்துக்கு இடம் பிடிப்பது

கதை தயார். கொழும்பில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஜோடி, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று பேசி முடிக்க நாலு நாள் லீவு போட்டு மலைக்கு வருகிறது. மூன்றாம் நாள் இரவு கத்தியோடு ஒருவன் வருகிறான். நடிக்க ஆளிருக்கிறது, இரவல் கெமரா இருக்கிறது, காசு கொஞ்சம்தான் இருக்கிறது. எங்கே எடுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. ஹட்டன் பக்கமிருந்து சில இளைஞர்கள் இதைத்தான் கேட்டார்கள். பண்டாரவளைப் பக்கமிருந்து வந்த கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

எல்லோர் கையிலும் இருக்கும் பட்டியல் ஒன்றுதான்: பழைய துரை பங்களா (தோட்டத்து அதிகாரியின் வீடு), லயம் (தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு), மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை), டவுனில் ஒரு வாடகை வீடு, காட்டோரத்தில் கூடாரம். எதில் பயம் அதிகம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். இங்கே இரவு ஏழு மணிக்குப் பிறகு எந்த இடத்தையும் பயமாகக் காட்டிவிடலாம். ஒரு டோர்ச்சும் கொஞ்சம் மூடுபனியும் போதும். இரண்டு பேர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வார்த்தையாலேயே ஒருவரையொருவர் கிழிப்பதைப் பார்ப்பவர் நம்பும்படி எடுப்பதுதான் கஷ்டம். படத்தில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கப்போகிறது.

## எதை வைத்து அளப்பது

ஸ்லாஷர் வகைக்குப் பழைய ஓட்டை ஒன்று உண்டு. கொலைகாரன் ஒருவன், பெரும்பாலும் கையில் கத்தி. ஒவ்வொருவராகக் கொல்கிறான், கடைசியில் ஒருத்தி மிஞ்சுகிறாள். இது நடக்க வேண்டுமானால் ஆட்கள் தனித்தனியாகப் பிரிய வேண்டும். "நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்று ஒருவன் சொன்னதுமே பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். உறவுக் கதையைக் கலப்பதில் உள்ள லாபமே இந்த ஓட்டையை அடைப்பதுதான். சண்டை பிடித்த ஜோடி ஒரே அறையில் இருக்காது. அவள் கதவைச் சாத்திக்கொள்வாள், அவன் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போவான். இருவரில் யாரும் முட்டாளாகத் தெரிய மாட்டார்கள்.

ஆகவே இடத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது: கோபித்துக்கொண்டு எழுந்து போனால் இங்கே எங்கே போவது? பதில் இல்லாத இடம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் உங்கள் படத்துக்கு உதவாது.

அடுத்தது குரல். அடிதடியை டப்பிங்கில் சரிப்படுத்தலாம், சண்டையை முடியாது. பாதியில் விழுங்கிய சொல், தொண்டை அடைப்பது, எதிரே இருப்பவர் மூச்சை இழுப்பது எல்லாம் அந்த இடத்திலேயே மைக்கில் விழ வேண்டும். மலைநாட்டில் குரலுக்கு முதல் எதிரி தகரக் கூரை. சாதாரணத் தூறலே உள்ளே இருப்பவர் கத்திப் பேசும் அளவுக்கு இரையும்.

மூன்றாவது, ஏன் இவர்கள் கிளம்பிப் போகவில்லை? கையில் போன் இருக்கும் காலம் இது. தோட்டங்களில் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போய்விடும் என்பது நமக்குத் தெரியும், கொழும்பில் பார்ப்பவருக்குத் தெரியாது. அதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். அதுவும் சண்டைக்குள் வைத்துக் காட்டினால் நல்லது: சிக்னல் தேடி அவன் அடிக்கடி வெளியே போவதே அவளுக்குச் சந்தேகமாகட்டும்.

அதன்பிறகு இரவில் வேலை செய்ய முடிகிறதா என்பதும், கணக்கில் எழுதாத செலவும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சின்னப் படங்கள் படுத்துவிடுகின்றன.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஓர் அட்டவணை:

| இடம் | எழுந்து போக இடம் | குரல் | தப்ப முடியாத காரணம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பங்களா | தாராளம் | நன்று | தூரம், பூட்டிய கேட் | தரை, தளபாடம், பணியாளர் |
| லயம் | ஸ்தோப்பு (முன்திண்ணை), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), கோயிலடி | மழை வந்தால் அவ்வளவுதான் | எல்லோருக்கும் கேட்கும், யாரும் வர மாட்டார்கள் | பிறர் வீட்டின் தூக்கம், பேர் (நாட்சம்பளம்) |
| ஸ்டோர் | இல்லை | எதிரொலி | பூட்டு, மாடிகள் | பாதுகாப்பு, மின்சாரம் |
| டவுன் வீடு | தெரு, பஸ் நிலையம் | தெருச் சத்தம் | எழுதித்தான் உண்டாக்க வேண்டும் | நேரம் |
| கூடாரம் | காடு முழுக்க | காற்று | இருட்டு | எல்லாமே |

## துரை பங்களா

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், காரணமும் இருக்கிறது. பல பங்களாக்கள் இப்போது இரவுக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. கணப்பு அடுப்பு, நீண்ட வராந்தா, கண்ணாடி ஜன்னல், புல்வெளிக்கு அப்பால் இருட்டு. கூரைக்கும் அறைக்கும் இடையில் சீலிங் இருப்பதால் மழை பெய்தாலும் பேச்சைப் பிடிக்கலாம். கணப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் எடிட்டிங்கில் கழுத்தறுக்கும். நெருப்பு எரியும் ஷொட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு, வசனம் பேசும்போது தணலோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஓர் ஆரஞ்சு லைட் பார்த்துக்கொள்ளும்.

ஸ்லாஷருக்கென்றே கட்டினாற்போல ஒரு விஷயம் இந்த வீடுகளில் உண்டு. பழைய பங்களாக்களில் குளியலறைக்கு இரண்டு கதவு இருக்கும்: ஒன்று படுக்கையறைக்கு, மற்றது வெளியே. துப்புரவு செய்பவர் வீட்டுக்குள் வராமலே வந்துபோக வைத்த கதவு அது. சமையலறை தள்ளியிருக்கும், அங்கிருந்து சாப்பாட்டறைக்குத் தனி நடை. வீட்டில் தங்கியிருப்பவருக்குத் தெரியாத வழிகள் வேலைக்காரருக்குத் தெரியும். அவள் கோபித்துக்கொண்டு குளியலறைக்குள் போய் உள் கதவைத் தாழிட்டுவிட்டு அழுகிறாள். இன்னொரு கதவு இருப்பது அவளுக்கு நினைவில்லை, பார்ப்பவருக்கு நினைவிருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத பயம்.

ஆனால் பங்களாவை எடுத்தால் ஜோடி யார் என்பதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். "அழகான இடம், வந்தோம், கொலை நடந்தது" என்றால் அது எந்த நாட்டு மலையிலும் நடக்கலாம். அவன் தோட்டத்துப் பிள்ளை, அவனுடைய பாட்டி இதே பங்களாவுக்கு விறகு சுமந்தவள், முன்வாசல் படியை மிதித்ததில்லை என்று வையுங்கள். காதலியோ ஆசையாக அறை பதிவு செய்திருக்கிறாள். அவளுக்கு இது விடுமுறை. அவனுக்கு அந்தச் சோபாவில் உட்காரவே கூச்சம், அதை வாய்விட்டுச் சொல்லவும் மனமில்லை. நாலு நாளுக்குத் தேவையான சண்டை அதற்குள்ளேயே கிடக்கிறது. கொலைகாரன் எந்த வழியாக உள்ளே வருவான் என்பதை அந்தப் பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் ஊகிப்பதும் இயல்பாக வரும்.

செலவுக்கு வருவோம். வாடகை சொல்பவர் விருந்தாளி வாடகையைத்தான் சொல்கிறார். ஷூட்டிங் என்றதும் கணக்கு வேறு. பத்துப் பன்னிரண்டு பேர் நாலு அறையில் படுப்பது, இரவெல்லாம் லைட் எரிவது, சமையல்காரர் அதிகாலை மூன்று மணிக்குத் தேத்தண்ணீர் போடுவது எல்லாம் பின்னால் சேரும். முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

பிறகு ரத்தம். சினிமா ரத்தம் பெரும்பாலும் சீனிப்பாகில் நிறம் கலந்ததுதான். குளிரில் அது இறுகும், ஒழுகாமல் கட்டியாக நிற்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்க வேண்டும். மரப்பலகைத் தரையின் இடுக்கில் போனால் சாயம் கிளம்பாது, அடுத்த நாள் எறும்பு வரும். பொலிஷ் போட்ட சிவப்பு சீமெந்துத் தரை என்றால் பிரச்சினை வேறு: ரத்தம் கண்ணுக்கே தெரியாது. இடம் பார்க்கப் போகும்போது போத்தலில் கொஞ்சம் கொண்டுபோய், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மூலையில் சொட்டு விட்டுப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்புத் தரை வீட்டில் கொலையை வெள்ளைப் படுக்கை விரிப்பிலோ குளியலறை ஓட்டிலோ வைக்க வேண்டிவரும்.

யாருக்கு நல்லது: வசனம் நிறைய உள்ள, ஒரே இடத்தில் முடிகிற, நாலைந்து பாத்திரக் கதைக்கு. மழைக்காலத்தில் எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை, இதுதான்.

## லயம்

"லயத்தில் எடுத்தால் செலவே இல்லையே, எங்கள் வீடுதானே" என்று சொல்வார்கள். இந்தப் பட்டியலில் ஆகச் செலவான இடம் இதுதான். ரூபாயில் அல்ல என்பதால் கணக்கில் வருவதில்லை.

முதலில் நல்லது. ஸ்லாஷரின் விதி தனிமை. யாரும் இல்லாத வீடு, யாருக்கும் கேட்காத அலறல். லயத்தில் இந்த விதி ஒரு நிமிஷம்கூட நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். எனவே லயம் ஸ்லாஷருக்கு உதவாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எல்லோருக்கும் கேட்கிறது, யாரும் வருவதில்லை. "புருஷன் பொஞ்சாதி சண்டை, நமக்கு எதுக்கு" என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். முதல் நாள் இரவு ஜோடி சண்டை பிடித்தபோது கதவைத் தட்டியவரை அவனே திட்டி அனுப்பியிருந்தால், மூன்றாம் நாள் அவள் அலறும்போது யார் வருவார்? உறவுக் கதையும் கொலைக் கதையும் முடிச்சுப் போட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். பங்களாவில் இப்படி ஒரு முடிச்சு கிடைக்காது.

எழுந்து போக இடமும் உண்டு, எல்லாமே பிறர் கண்ணில் படுகிற இடங்கள். ஸ்தோப்பு, பீலிக்கரை, கோயிலடி, பிள்ளைக்காம்பராவின் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தின்) படி. அவன் கோபித்துக்கொண்டு போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள். பொது இடத்தில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டிய சண்டை, அறைக்குள் கத்துவதைவிட நடிகருக்கு நல்ல தீனி.

இந்த அமைப்பு நம் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. மாசியில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கிளம்புகிறான், ரதி போகாதே என்று தடுக்கிறாள், இருவரும் தர்க்கிக்கிறார்கள். அவன் கேட்காமல் தனியே போகிறான், எரிந்து சாம்பலாகிறான், அவள் மிஞ்சி நின்று அழுகிறாள். ஜோடிச் சண்டை, தனியே போதல், கொலை, மிஞ்சுகிற பெண். ஒரு தோட்டமே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற வரிசை இது. கூத்தின் வேஷத்தைக் கொலைகாரனுக்கு மாட்டிவிடச் சொல்லவில்லை, அது வேண்டவே வேண்டாம், பலருக்கு அது விரதம் இருந்து ஆடுகிற சாமி காரியம். தர்க்கப் பாட்டு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கேட்டுவிட்டு உங்கள் வசனத்தை எழுதுங்கள்.

இனி செலவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) கட்டில், அலுமாரி, சாமிப்படம், இரண்டு நடிகர் போக கெமராவுக்குப் பின்வாங்க இடமில்லை. அகல லென்ஸ் போட்டால் முகம் கோணும். கூரை தகரம், மழை வந்தால் அன்று வசனம் இல்லை. இது தொழில்நுட்பம், சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மனிதர் பக்கம். இரவு ஷூட்டிங்குக்காக ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து தருகிறது. பக்கத்துக் காம்பராக்களில் காலையில் பெரட்டுக்குப் (வேலை பிரிக்கும் இடத்துக்குப்) போக வேண்டியவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் கதாநாயகி ஆறாவது முறையாக அலறினால் மறுநாள் யாராவது வேலைக்குப் போக முடியாமல் போகும், அல்லது கொழுந்து குறைந்து அரைப்பேர் (பாதி நாட்சம்பளம்) விழும். அதை யார் கொடுப்பது? கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் குறைந்தது முழுப்பேர் காசாவது கொடுக்க வேண்டும். "நம்ம பிள்ளைங்க படம்" என்று அவர்கள் வாங்க மறுத்தாலும் கொடுக்க வேண்டும். அனுமதியும் ஒரே கையில் இல்லை. தோட்ட முகாமையாளர் சம்மதித்தால் போதாது, கம்பனியின் தலைமை அலுவலகம் கடிதம் கேட்கலாம். தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் சொல்லாமல் செய்தால் படம் பாதியில் நிற்கும்.

ஆளில்லாத லயம் ஒன்று கண்ணில் பட்டதும் "செட் தயாராக இருக்கிறது" என்று குதிக்காதீர்கள். மண்சரிவு அபாயத்தால் ஆட்களை எழுப்பிவிட்ட இடமாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை ஊவா மாகாணத்தில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த இடத்தில் ஜெனரேட்டரை வைத்து இரவெல்லாம் ஆட்களை நிறுத்துவது படத்துக்காகச் செய்யக்கூடிய காரியம் அல்ல. சுவரில் பிளவு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஆயுதம். எல்லோருடைய முதல் வரைவிலும் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி) இருக்கிறது. வளைந்த அலகு, கெமராவுக்கு அழகு, ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கும். ஆனால் அதைக் கொலைகாரன் கையில் கொடுத்த நிமிஷமே கொலைகாரன் தோட்டத் தொழிலாளி என்று ஆகிவிடுகிறது. கொழும்பு ஜோடிக்குப் பயம் வர லயத்து ஆளைக் காட்டுவதா? எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கத்தி மிஞ்சுகிற பெண்ணின் கையில் கடைசியில் போய்ச் சேர்ந்தால் கதை வேறு. யார் கையில் இருந்தாலும் நிஜக் கத்தி வேண்டாம். ரப்பரிலோ மரத்திலோ செய்து வெள்ளி பூசியது இருட்டில் நன்றாகவே மின்னும்.

யாருக்கு நல்லது: அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர் குழுவில் பொறுப்பான இடத்தில் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பகல் வெளிக்காட்சிகளை லயத்தில் எடுத்துக்கொண்டு, காம்பராவின் உள்புறத்தை டவுனில் ஒரு மண்டபத்தில் பலகையும் தகரமும் வைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு சுவரைக் கழற்றி வைத்தால் கெமராவுக்கு இடமும் கிடைக்கும், அலறலும் யாரையும் எழுப்பாது.

## ஸ்டோர்

வெளியூர்க்காரர் தேயிலைத் தொழிற்சாலை என்பார்கள், தோட்டத்தில் ஸ்டோர்தான். மூடிக் கிடக்கும் ஸ்டோரின் மேல்மாடியில் ஒருமுறை நின்றவர் அங்கே ஒரு துரத்தல் காட்சி எடுக்காமல் விட மாட்டார். கொழுந்து வாட்டும் நீண்ட தட்டுகள், இருபக்கமும் வரிசையாக ஜன்னல், கீழே அரைக்கும் இயந்திரங்களின் வட்டமான மேசைகள். கந்தப்பொளையில் பழைய ஹெதர்செட் ஸ்டோர் ஹோட்டலாக மாறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடங்களின் கம்பீரம் தெரியும்.

ஆனால் சண்டை பிடித்த ஜோடி எதற்கு அங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்கள் எல்லாமே வலிந்து சொன்னவை. மழைக்கு ஒதுங்கினார்கள், வழி தவறினார்கள். அங்கே உட்கார்ந்து பேசவும் முடியாது. தகரச் சுவரும் வெற்றுக் கூடமும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாகத் திருப்பித் தரும். ஓடுகிற ஸ்டோரை இரவில் கேட்பதும் வீண். பகலில் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடும், விடிவதற்கு முன்பே அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் கொலை செய்ய நினைக்கும் நேரம் அவர்களுக்கு வேலை நேரம்.

மூடியதில் மின்சாரம் வெட்டியிருக்கும், ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும், அதன் சத்தத்தைத் தூர வைக்க நீளமான வயர் வேண்டும். மேல்மாடிப் பலகைகள் உளுத்திருக்கலாம். நடிகை ஓடுவதற்கு முன்பு கனமான இருவர் அந்தப் பாதை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும், நடக்கலாம் என்ற இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே யாரும் போகக் கூடாது, கெமராமேன் உட்பட. குறிப்பாகக் கெமராமேன்.

யாருக்கு நல்லது: முழுப் படத்துக்கு யாருக்கும் இல்லை. கடைசிக் கால்மணி நேரத்துக்கு எல்லோருக்கும். பங்களாவிலிருந்து தப்பி ஓடுகிறவள் விளக்கு எரியும் என்று நம்பி ஸ்டோருக்கு ஓடுவது நியாயமான காரணம். இரண்டு இரவு கேட்டுப் பாருங்கள்.

## டவுன் வீடு

யாருக்கும் பிடிக்காத தெரிவு, நான் அடிக்கடி சொல்லும் தெரிவும் இதுதான். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ கடைக்கு மேல் ஒரு மாடி வீடு. மின்சாரம் உண்டு, சோற்றுப் பார்சல் சூடாக வரும், பெட்டரி தீர்ந்தால் கடை பக்கத்தில், யாருக்காவது அடிபட்டால் ஆஸ்பத்திரியும் எட்டுகிற தூரம். முதல் படம் எடுப்பவர்களுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. மிச்சமாகும் காசில் இன்னும் மூன்று நாள் ஒத்திகை பார்க்கலாம், ஒத்திகை பார்த்த சண்டை எந்தப் பங்களாவையும்விட நன்றாக இருக்கும்.

குறை: தனிமையை எழுதித்தான் உண்டாக்க வேண்டும். மண்சரிவால் பாதை மூடி, கடைசி பஸ்ஸும் போய்விட்ட இரவு என்றால் டவுனும் வெறிச்சோடும். சத்தம்தான் பெரிய தலைவலி. கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, நாய். எல்லாவற்றுக்கும் மேல் பாண் கொண்டுவரும் ஓட்டோ. கொலைகாரன் மாடிப்படியில் காலெடுத்து வைக்கிற நேரத்தில் அந்த ஓட்டோ ஒலிக்கவிடும் பீத்தோவனின் மெட்டு கீழ்த் தெருவிலிருந்து ஏறி வரும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பெரும்பாலும் நேரம் தவறாது, அதைக் குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அல்லது தைரியம் இருந்தால் படத்திலேயே வையுங்கள்.

## கூடாரம்

வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான தேசியப் பூங்காவில் இரவில் நினைத்தபடி படம் எடுக்க விட மாட்டார்கள், வெளியே உள்ள காட்டோரங்களில் அட்டையும் காற்றும் பாதி நாளைத் தின்றுவிடும். தோட்டங்களை ஒட்டிய காடுகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, இரவில் ஆட்களைச் சிதறவிட்டு எடுப்பது சரியல்ல. ஒரு கூடாரக் காட்சி வேண்டுமென்றால் பங்களாவின் புல்வெளியில் அடித்துக்கொள்ளுங்கள், இருட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

## எந்த மாதம், எந்தச் சரிவு

இடத்தைவிட இது முக்கியம் என்று சொல்பவர்களும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில், குறிப்பாக ஜூலை, ஓகஸ்ட்டில், ஊவாப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசெம்பர், ஜனவரியில் பதுளை, அப்புத்தளை நனையும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இரண்டு பக்கமும் இடிமழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும், ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சில இரவுகளில் புல்லில் உறைபனியே விழும். மெல்லிய இரவு உடையில் ஓடும் நடிகைக்கு ஷொட்டுக்கு ஷொட் கம்பளி வேண்டும். ஏப்ரலில் சீசன் கூட்டம், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை வேறு.

மூடுபனியை நம்பி அட்டவணை போடாதீர்கள். பின்னேரம் நாலு மணிக்கு ஊரையே மூடும், நீங்கள் லைட் போட்டு முடிக்கும்போது விலகிவிடும். ஒரே காட்சியின் பாதியில் பனியும் மீதியில் தெளிவும் இருந்தால் ஒட்டாது. புகை இயந்திரம் அறைக்குள் உதவும், ஊவாக் காற்றில் வெளியே வைத்தால் புகை அடுத்த மலைக்குப் போய்விடும். பருவத்தைப் பொய்யாகக் காட்டுவது இந்த வகைப் படங்களுக்குப் பழக்கமானதுதான். ஏறத்தாழ 3 லட்சம் டொலரில் எடுத்து 1978இல் வெளிவந்த ஹாலோவீன் கதைப்படி இலையுதிர் காலத்தில் நடக்கிறது, எடுத்ததோ கலிபோர்னிய வசந்தத்தில். இலைக்கு நிறம் பூசித் தெருவில் தூவி, ஷொட் முடிந்ததும் கூட்டி அள்ளிப்போய் அடுத்த இடத்தில் தூவினார்கள்.

கெமராவுக்கு ஒரு வார்த்தை. வெளிக் குளிரில் இருந்து கணப்பு எரியும் அறைக்குள் நேரே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படியும், அரைமணி நேரம் போகும். வெளியிலேயே பைக்குள் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, சூடு ஏறியபின் திறவுங்கள்.

## எந்த வரிசையில் எடுப்பது

கேட்ட இளைஞர்களுக்கு நான் சொன்னது: பேச்சுக் காட்சிகளுக்கு ஊவாப் பக்கம் ஒரு பங்களா, ஓகஸ்ட் மாதம். கையில் காசு இல்லையென்றால் டவுன் வீடு. கடைசித் துரத்தலுக்கு அருகிலுள்ள மூடிய ஸ்டோர் இரண்டு இரவு. லயத்தில் எடுத்தே தீர வேண்டும் என்ற பண்டாரவளைக்காரர்களிடம் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு பிறகு வரச் சொன்னேன்.

சண்டைக் காட்சிகளை முதலில் எடுங்கள். ரத்தமும் ஓட்டமும் கடைசியில். இரண்டு இரவு ஓடிய நடிகருக்குக் குரல் கட்டிவிடும், பிறகு அவர் கிசுகிசுத்துச் சண்டை பிடிக்க முடியாது. எந்த இடமானாலும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குத் தேதிகளோடு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் பூசிய ஒருவன் கத்தியோடு தேயிலைக்குள் நடப்பதை யாரோ பார்த்து 119க்கு அடித்தால் அந்தப் பிரதிதான் பேசும். ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தனி.

அலறல்களை மட்டும் இரவில் எடுக்கவே வேண்டாம். அலறல் டப்பிங்கில் நன்றாக ஒட்டும், இரவில் நடிகை வாயைத் திறந்தால் போதும். பகல் பத்து மணிக்கு வேனின் கண்ணாடிகளை ஏற்றி, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, எல்லா அலறலையும் ஒரே மூச்சில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசல் காவலாளியிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.